மலைநாட்டில் ஒரு மொறிஸ் மைனர்

எமது கல்லூரியின் பழைய மாணவருள் அறுபது வயதைக் கடந்தோர் எவரை வினவினாலும், அவர்தம் இளமைக்கால நினைவில் ஒரு சிறிய கார் ஓடிக்கொண்டிருக்கக் காணலாம். உருண்டு திரண்ட முதுகும், இரு மருங்கும் புடைத்த மட்காட்டுகளும், ஏற்றத்தில் கியர் மாற்றும்போது எழும் ஒருவகை முனகலும் உடைய அக்காரிலே ஊர் வைத்தியர் வந்தார், பரீட்சை மேற்பார்வையாளர் வந்தார், மணமக்கள் வந்தனர். மொறிஸ் மைனர் என்னும் பெயரைக் கேட்ட அளவிலே முறுவல் பூவாதார் அரியர். அத்தகைய காரை வீட்டுக் கொட்டகையில் வைத்து மீண்டும் உயிர்ப்பிப்பது எவ்வாறு, அதிலும் மலைநாட்டிலே வலப்பனை போன்ற சாய்வான ஊரிலே உயிர்ப்பிப்பது எவ்வாறு என்பதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பழைய காரின்மேற் செய்யும் வேலை மூவகைப்படும். ஓடாததை ஓடச்செய்வது பழுதுபார்த்தல். தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நாளில் இருந்த நிலைக்கு மீட்பது புதுப்பித்தல். உரியவரின் தேவைக்கும் விருப்பத்துக்கும் ஏற்ப வேறுபடுத்துவது மாற்றியமைத்தல். இம்மூன்றையும் ஒன்றெனக் குழப்புவதனாலேயே பல கார்கள் கொட்டகையிற் பாதி வேலையோடு நின்றுவிடுகின்றன. வேறு சில பளபளப்பாக வெளியே வந்து முதல் இறக்கத்திலேயே ஆபத்தை விளைக்கின்றன. சமவெளியில் வாழ்வோர் இவ்வேறுபாட்டைச் சற்று மறந்திருந்தாலும் பெருந்தீங்கு நேராது. மலைநாட்டிலோ, எதை முதலிற் செய்தல் வேண்டும், எதை மாற்றலாம், எதைத் தொடலாகாது என்னும் மூன்று வினாக்களுக்கும் பாதையின் சாய்வே விடை கூறுகின்றது.

முதற்கண் இக்காரின் வரலாற்றைச் சிறிது காண்போம். அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளர் இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலத்திலேயே இதனை வரையத் தொடங்கினார். 1948ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் லண்டன் ஏர்ல்ஸ் கோட் கண்காட்சியில் இது மக்கள் பார்வைக்கு வந்தது. உற்பத்திக்கான ஆயத்தங்கள் பெரும்பாலும் முடிந்த நிலையில், கார் மிகவும் ஒடுங்கியிருப்பதாக இசிகோனிஸுக்குத் தோன்றிற்று. மாதிரிக் காரை நெடுக்காக இரண்டாக அறுத்து, இரு பாதிகளையும் விலக்கி வைத்துப் பார்த்து, 4 அங்குலம் அகலப்படுத்துமாறு பணித்தார். பம்பர்களோ அதற்குள் செய்து முடிக்கப்பட்டிருந்தன. அவற்றையும் நடுவே வெட்டி, இடையில் ஒரு துண்டைப் பொருத்தினர். பொனற்றின் நடுவே மேடு போல ஓடும் பட்டையும் அவ்வகலத்தின் அடையாளமே. இக்காரை முதன்முதலிற் கண்ட நஃபீல்ட் பிரபு அதனை விரும்பவில்லை என்பதும், நீரில் அவித்த முட்டை போன்றது என்று இகழ்ந்தார் என்பதும் மோட்டார் உலகில் யாவரும் அறிந்த செய்தி. அம்முட்டைதான் 1960ஆம் ஆண்டின் இறுதியில் பத்து லட்சம் என்னும் எண்ணிக்கையை எட்டிய முதற் பிரித்தானியக் கார் ஆயிற்று. 1971ஆம் ஆண்டு உற்பத்தி ஓயும்வரை ஏறத்தாழ 16 லட்சம் மைனர்கள் வெளிவந்தன.

அவற்றுள் ஒரு பங்கு இலங்கைக்கு வந்தது. வந்தவை இங்கே நிலைத்தமைக்கு எமது பொருளாதாரமே காரணம். 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி அருகியபோது கார் இறக்குமதி இறுகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும் வரை, கையிலுள்ள காரைக் காப்பாற்றுவதே நடுத்தர மக்களுக்கு இருந்த ஒரே வழி. அண்மையிலும் இதனை ஒத்த நிலை நேர்ந்தது. 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு அத்தடை 2025 பெப்ரவரியிலேதான் நீங்கிற்று. அவ்வைந்து ஆண்டுகளிலும் கோழிக்கூட்டுக்கு அருகே மழையில் நனைந்துகொண்டிருந்த பல பழைய கார்களின்மீது உரியவர்களின் பார்வை திரும்பியது. வறுமை கற்பித்த வித்தை என்று இதனைக் கூறினும் பொருந்தும்.

அவ்வித்தையை மலைநாட்டிற் காத்தவர் யாவர்? பெருநகரத்துக் கராஜ்காரரைச் சிலர் நினைப்பர். நாம் தேயிலைத் தொழிற்சாலைப் பட்டறைகளின் பிட்டர்களையே முதலில் நினைக்கின்றோம். தொழிலாளர் பேச்சில் 'ஸ்டோர்' என வழங்கும் தொழிற்சாலையிலே இலையை உருட்டும் ரோலரும், உலர்த்தும் இயந்திரமும், அவற்றை இயக்கிய நீண்ட தண்டுகளும் ஓய்வின்றி ஓடவேண்டும். கொழும்பிலிருந்து பாகம் வரும்வரை கொழுந்து காத்திராது, இரவோடிரவாகக் கெட்டுவிடும். ஆதலால் அங்குள்ள பிட்டர், பித்தளைப் புஷ்ஷைத் தாமே கடைந்தார். உடைந்த இரும்பைத் தாமே ஒட்டினார். இல்லாத நட்டுக்குத் தாமே புரி வெட்டினார். பகலில் ரோலரைத் திருத்தியவர் மாலையில் துரையின் காரையும் டீமேக்கரின் காரையும் திருத்தினார். எழுத்தில் இல்லாத இவ்வறிவு தந்தையிடமிருந்து மகனுக்குச் சென்றது. இன்று அப்பிட்டர்களின் பேரப்பிள்ளைகள் கணினி பயில்கின்றனர், அஃது உவக்கத்தக்கதே. எனினும் ஒரு சுத்தியல் ஒலியைக் கேட்ட மாத்திரத்தே தகட்டின் உட்புறம் துருப்பிடித்துள்ளதா என்று கூறவல்ல காதுகள் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றன.

இலங்கையரின் கைத்திறன் இவ்விடயத்தில் கடல் கடந்தும் சென்றுள்ளது என்பதை இளைஞர் பலர் அறியார். இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர் நிலையத்தை நடத்திய சாள்ஸ் வேர் என்பார், கார் என்பது சில ஆண்டுகளில் எறிந்துவிடும் பொருளாக இருத்தலாகாது, திருத்தித் திருத்தித் தலைமுறைகளுக்குப் பயன்படுத்துவதே சிக்கனம் என்று வாதிட்டவர். 1982இல் அதுபற்றி ஒரு நூலும் எழுதினார். அவரும் இலங்கையரான தனபால சமரசேகர அவர்களும் கூட்டுச் சேர்ந்து 1990களில் 'டியூரபிள் கார் கம்பனி' என்னும் நிறுவனத்தின் வழியே மொறிஸ் மைனருக்கான பாகங்களை இலங்கையிலே செய்வித்தனர். முன்னர் அச்சு இயந்திரம் பிதுக்கிய தகடுகளை இங்குள்ள தொழிலாளர் கைத்திறனால் உருவாக்க, அவை இங்கிலாந்து சென்று அந்நாட்டுக் கார்களில் ஏறின. ஆண்ட நாட்டிலிருந்து வந்த கார், ஆளப்பட்ட நாட்டின் தகட்டால் ஆயுள் நீட்டிக்கப்பெற்றது என்பதில் ஒரு சுவை உண்டன்றோ?

இனி வலப்பனைக்கு வருவோம். நுவரெலியாவிலிருந்து கந்தப்பளை, ராகலை வழியாகத் தேயிலைச் சரிவுகளினூடே இறங்கிவரும் பாதை வலப்பனையை அடைந்து, குறுந்து ஓயாவின் பள்ளத்தாக்கை ஒட்டி மேலும் கீழ்நோக்கிச் செல்கின்றது. நானுஓயாவிலிருந்து ராகலை வரை 1904ஆம் ஆண்டளவில் ஒரு சிறு ரயில் ஓடியது; 1940களில் அதுவும் மறைந்தபின் இப்பகுதி முழுவதும் சக்கர வண்டியையும் பாதையையுமே நம்பியுள்ளது. நுவரெலியாவில் மகாகஸ்தோட்டை மலையேற்றக் கார்ப்போட்டி 1934ஆம் ஆண்டிலே தொடங்கியது. மலையில் விரைந்து ஏறியவர்க்குக் கிண்ணம் வழங்குகின்றனர். மலையிலிருந்து பத்திரமாக இறங்கியவர்க்குக் கிண்ணம் வழங்குவார் எவருமிலர். ஆயினும் வலப்பனையில் வாழ்வோர்க்கு வேண்டியது அத்திறமையே.

நாம் நண்பர் சிலருடன் வலப்பனையில் ஒரு தகரக் கொட்டகையிற் கைவைத்த வண்டி 1955ஆம் ஆண்டிற் பதிவானது. நான்கு கதவுகளும், நடுவே பிரிந்த முன்கண்ணாடியும், 803 கன சென்ரிமீற்றர் இயந்திரமும் உடையது. கொட்டகையைப் பற்றி அதிகம் கூறவேண்டியதில்லை. தரை சமமாகவும் உறுதியாகவும் இருத்தல் வேண்டும். மண்தரையில் ஜாக்கி சாயும். ஜாக்கியின்மேல் மட்டும் நிற்கும் காருக்கு அடியில் ஒருவரும் நுழையலாகாது. இரும்பு முட்டுகளோ பருத்த மரக்கட்டைகளோ வைத்த பின்னரே நுழைதல் வேண்டும். கழற்றும் ஒவ்வொரு பாகத்தையும் படம் பிடித்து, பெயரெழுதிய தகரப் பேணியில் இடுதல் நன்று. மூன்று மாதத்தில் முடியும் என்று தொடங்கும் வேலை மூன்று ஆண்டு செல்வது இத்தொழிலின் இயல்பு.

மைனருக்கு லொறியைப் போலத் தனியான முழுச் சட்டகம் இல்லை. உடலின் தகடுகளே ஒன்றோடொன்று இணைந்து பாரத்தைத் தாங்குகின்றன. கதவுகளின் கீழே நெடுக ஓடும் பெட்டி வடிவான பகுதியும், முன் இருக்கைகளின் கீழே குறுக்காகச் செல்லும் தாங்கியும், பின் ஸ்பிறிங் பிணைக்கப்படும் இடங்களும் காரின் எலும்புகள் எனலாம். மலைநாட்டு மூடுபனி இவ்வெலும்புகளையே முதலில் தின்கின்றது. ஈரம் பெட்டியின் உள்ளே புகுந்து வெளியேற வழியின்றித் தங்க, துரு உள்ளிருந்து வெளியே வருகின்றது. வெளியே கொப்புளம் தோன்றும்போது உள்ளே தகடு பெரும்பாலும் மறைந்திருக்கும். ஆதலால் வர்ணத்தைப் பார்த்துக் காரை வாங்குவது மணமகளின் சேலையைப் பார்த்துப் பெண்ணெடுப்பது போன்றதே. சிறு சுத்தியலால் அடிப்பகுதி முழுவதையும் தட்டிச் செல்க. நல்ல தகடு கணீரென்னும். துருவேறியது மந்தமாக ஒலிக்கும். பட்டி பூசி மறைத்தது ஒலியே எழுப்பாது. பழைய டிங்கர்மார் சிலர் துளைகளில் தகரத்தையும் பட்டியையும் திணித்து வர்ணம் பூசிவிடுவதுண்டு. பார்வைக்கு அழகாயினும் அவ்விடத்தில் பாரம் தாங்கும் பொருள் எதுவுமில்லை.

துருவேறிய கதவடிப் பெட்டியை வெட்டியெடுக்கும்போது ஒரு விதியை மறத்தலாகாது. வெட்டுமுன் கதவைக் கழற்றி, கதவு நிலையின் முன்தூணுக்கும் பின்தூணுக்கும் இடையே இரும்புக் குழாயைத் தற்காலிகமாக ஒட்டி விறைப்பாக்குதல் வேண்டும். ஒரு பக்கத்தை முற்றாக முடித்த பின்னரே மறுபக்கத்தைத் தொடுதல் வேண்டும். இதைச் செய்யாதவிடத்து, காரின் நடுப்பகுதி தன் எடையினாலேயே சிறிது தொய்ந்துவிடும். அந்நிலையிற் புதிய தகட்டை ஒட்டினால் அத்தொய்வு நிரந்தரமாகிவிடும். பின்னர்க் கதவு ஒருபோதும் ஒழுங்காக மூடாது. மெல்லிய தகட்டில் நீளமாகத் தொடர்ந்து ஒட்டுதலும் ஆகாது. சூட்டினாற் தகடு நெளியும். இங்கொரு புள்ளி, அங்கொரு புள்ளியாகத் தூர இடைவெளியில் ஒட்டி, ஆறவிட்டு, இடைவெளிகளைச் சிறிது சிறிதாக நிரப்புதலே முறை. முடிந்தபின் பெட்டியின் உட்புறத்தில் மெழுகுக் கலவையைப் பீச்சுதல் வேண்டும். நீர் வடியும் துளைகளை அடைத்தலாகாது.

அடுத்தது பிறேக். இக்கட்டுரையில் ஒரு பகுதியை மட்டுமே ஒருவர் நினைவிற் கொள்வாராயின், அஃது இதுவாக இருக்கட்டும்.

மைனரின் எடை ஏறத்தாழ 760 கிலோகிராம். நால்வர் ஏறினால் ஆயிரத்தைத் தாண்டும். அவ்வண்டி 500 மீற்றர் உயரம் இறங்கும்போது விடுவிக்கும் சக்தி முழுவதும் வெப்பமாயின், 15 லீற்றர் குளிர்ந்த நீரைக் கொதிக்கவைக்க அது போதும். பௌதிகவியல் மாணவர் தாமே கணித்துப் பார்க்கலாம். இயந்திரத்தின் தடையும் காற்றின் தடையும் அதில் ஒரு பகுதியை ஏற்றுக்கொள்கின்றன. எஞ்சியது நான்கு சிறிய இரும்புக் குடங்களினுள்ளே செல்கின்றது. குடம் சூடேறினால் விரிகின்றது. உள்ளிருந்து தள்ளும் லைனிங் அதனைத் தேடி மேலும் வெளியே செல்லவேண்டியுள்ளது. லைனிங்கின் உராய்வும் சூட்டிற் குறைகின்றது. காலின்கீழ் மிதி ஆழ்ந்துகொண்டே போக, கார் நிற்க மறுக்கின்றது. பிறேக் முற்றும் பழுதற்றதாயினும் இது நேரும். ஏறிய கியரிலேயே இறங்குக என்று மலைநாட்டுச் சாரதிகள் சொல்வதன் காரணம் இதுவே; இயந்திரமே பிறேக்காக நிற்கும்போது குடங்களுக்கு ஓய்வு கிடைக்கின்றது.

இனி அத்தொகுதியின் அமைப்பைக் காண்போம். மைனரின் பிறேக் எண்ணெயை அழுத்தும் தலைமை உருளை, சாரதியின் காலடியில், தரைத்தகட்டின் கீழே, சட்டத்தினுள் ஒளிந்திருக்கின்றது. அதைப் பிணைக்கும் போல்ட்டுகளை வெளியே உருவ முன்ஸ்பிறிங்காகிய முறுக்குத் தண்டு குறுக்கே நிற்கும். அத்தண்டை விலக்கினாலன்றி உருளை வெளிவராது. இவ்வளவு சிரமம் உள்ளமையாலேயே, பல கார்களில் அவ்வுருளையை ஒருவரும் திறவாமல் எண்ணெய் மட்டும் ஊற்றி வந்துள்ளனர். எண்ணெயோ காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ஈரமேறிய எண்ணெய் குறைந்த வெப்பத்திலேயே கொதிக்கும். கொதித்தால் ஆவி உண்டாகும். ஆவியை அழுத்தினால் அது சுருங்குமேயன்றிப் பிறேக்கைத் தள்ளாது. மேலும் உருளையின் உட்சுவரில் துரு அரித்து றப்பர் வளையத்தைக் கிழிக்கும். அக்கால மைனரில் எண்ணெய்ச் சுற்று ஒன்றே. ஓரிடத்திற் கசிந்தால் நான்கு சக்கரமும் போயின. அதன்பின் துணையாக எஞ்சுவது பின்சக்கரங்களை மட்டும் பற்றும் கைப்பிறேக்கே. எனவே தலைமை உருளை, சக்கர உருளைகள், றப்பர்க் குழாய்கள், உலோகக் குழாய்கள் ஆகிய அனைத்தையும் புதிதாக இடுதல் வேண்டும். இவற்றிற் பழையதை மினுக்கிப் போடுதல் சிக்கனமன்று. எண்ணெயை ஈராண்டுக்கு ஒருமுறையேனும் முழுவதும் மாற்றுதல் வேண்டும். இயந்திர எண்ணெயோ மண்ணெண்ணெயோ அதிலே ஒரு துளி கலப்பினும் றப்பர் வளையங்கள் ஊதிக் கெடும்.

இவ்விடத்திலேதான் மாற்றியமைத்தல் என்னும் வினா எழுகின்றது. இங்கிலாந்தில் மைனர் வைத்திருப்போர் பலர் முன்சக்கரங்களில் தட்டுப் பிறேக்கைப் பொருத்துகின்றனர். மொறிஸ் மரீனா காரின் பாகங்கள் அதற்கு உதவுகின்றன. இங்கே அப்பாகங்கள் அரிதாகையால் நாம் வேறொன்றைச் செய்தோம். 1962இல் 1098 கன சென்ரிமீற்றர் இயந்திரம் வந்தபோது, தொழிற்சாலையே முன் குடங்களை 7 அங்குலத்திலிருந்து 8 அங்குலமாகப் பெரிதாக்கிற்று. அப்பிந்திய குடங்கள் முந்திய காரிலும் ஏறும். தன் பிழையைத் தொழிற்சாலை தானே பின்னாளிற் திருத்தியிருக்க, அத்திருத்தத்தை முன்பிறந்த காருக்கும் வழங்குவதில் குற்றம் யாது? மாற்றங்களுள் இத்தகையதே தலையாயது என்பது எமது துணிபு. வேறு குலத்துப் பாகத்தைத் தேடுமுன் அதே குலத்தின் இளையவரிடம் கேட்டல் வேண்டும்.

இயந்திரத்துக்கும் அதே நியாயம் பொருந்தும். 803 இயந்திரத்தின் வலு 30 குதிரைவலு. நுவரெலியாவின் உயரம் 1,868 மீற்றர். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதன் ஐந்தில் நான்கு பங்கே. காற்றுக் குறைந்தால் எரியும் பெற்றோலும் குறையும். ஆகவே முப்பது குதிரைகளுள் ஆறு கொழும்பிலேயே தங்கிவிட்டன என்று கொள்க. போதாக்குறைக்கு அவ்விருபத்துநான்கும் இரண்டாம் கியருக்கும் மூன்றாம் கியருக்கும் இடையே உள்ள பெரிய இடைவெளியில் இடறுகின்றன. இரண்டில் இயந்திரம் அலறும், மூன்றில் மூச்சடைக்கும். இத்தகைய கார்களில் யப்பானிய இயந்திரத்தைப் பொருத்திவிடுவது எமது நாட்டில் நெடுநாள் வழக்கம். எமது நண்பர்களுள்ளும் ஒருவர் அதனையே வற்புறுத்தினார். ஓய்வுபெற்ற பிட்டர் ஒருவர் கேட்ட ஒரே கேள்வி அவரை அடக்கிற்று: வலு இரட்டித்தால், அவ்வேகத்தைத் தாங்குவதற்குப் பிறேக்கையும், அச்சையும், ஸ்ரியரிங்கையும் எவ்விடத்திலிருந்து கொண்டுவருவீர்கள்? இறுதியில் மைனரின் சொந்தத் தம்பியாகிய 948 கன சென்ரிமீற்றர் இயந்திரமும் அதன் கியர்ப்பெட்டியும் ஏறின. 37 குதிரைவலு உடைய அது வெளித்தோற்றத்திற் பழையதைப் பெரிதும் ஒத்திருக்கும். பின் அச்சு மட்டும் பழையதே. அதன் தாழ்ந்த விகிதம் நெடுஞ்சாலையில் வேகத்தைக் குறைப்பினும் ஏற்றத்தில் இழுவையையும் இறக்கத்தில் தடையையும் தருகின்றது.

இயந்திரத்தை மாற்றுவோர் சட்டத்தையும் நோக்குதல் வேண்டும். பதிவுப் புத்தகத்தில் இயந்திர இலக்கமும் சட்டக இலக்கமும் குறிக்கப்பட்டுள்ளன. மாற்றத்தை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்துத் திருத்திக்கொள்ளாதார், பின்னர் விற்கும்போதோ விபத்து நேரும்போதோ துன்புறுவர்.

பெற்றோலைப் பற்றியும் ஒரு சொல். ஈயம் கலந்த பெற்றோல் இலங்கையில் 2002இல் நிறுத்தப்பட்டது. அவ்வீயம் பழைய இயந்திரங்களின் வால்வு இருக்கைகளுக்கு ஒரு மெத்தைபோல் உதவியது. அஃது இன்மையால், நீண்ட ஏற்றங்களிற் கழிவு வால்வு தன் இருக்கையைச் சிறிது சிறிதாக உண்டு உள்ளே அமிழ்கின்றது. இயந்திரத் தலையைக் கழற்றியுள்ளபோதே கடினமான உருக்கு வளையங்களைக் கழிவு வால்வுகளுக்கு இடுவித்தல் நன்று. உயர்ந்த இடத்தில் கலவையிற் பெற்றோல் மிகுந்து தோன்றும், எஸ். யு. காபரேற்றரின் அடியிலுள்ள அறுமுக நட்டை ஒரு முகமோ இரு முகமோ மேலே திருகினால் அது சீர்ப்படும். கொழும்புக்குச் சென்று தங்குவோர் அதனை மீண்டும் இறக்கிக்கொள்ளல் வேண்டும். தண்ணீரும் அவ்வுயரத்தில் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதிக்குமாதலால், றேடியேற்றர் மூடியின் ஸ்பிறிங்கும் றப்பரும் நலமாயிருத்தல் இன்றியமையாதது.

முன்சக்கரத்தின் ஒரு குறையைச் சொல்லாது விடுவது தவறாகும். மைனரின் முன்சக்கரத்தைத் தாங்கித் திருப்பும் செங்குத்தான தண்டு, மேலும் கீழும் புரியுள்ள இரு பித்தளைத் துண்டுகளிலே திருகப்பட்டுள்ளது. கிறீஸ் இன்றேல் புரி தேயும். மிகத் தேய்ந்தபின் ஒருநாள் தண்டு கழன்று சக்கரம் மட்காட்டினுள்ளே மடிந்துவிழும். பெரும்பாலும் மெதுவாகத் திரும்பும்போதே இது நேர்வது இறைவன் அருள். 1,000 மைலுக்கு ஒருமுறை கிறீஸ் ஏற்றினால் ஆயுட்காலம் முழுவதும் நிற்கும். தோட்டத்துக் கற்பாதையில் ஓடும் கார்களுக்கு அதனினும் முந்தியே ஏற்றுதல் தகும். சக்கரத்தை உயர்த்தி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்த்தால் தேய்வு கையிலே தெரியும்.

மின்சாரப் பகுதியில் மாற்றத்துக்கு இடமுண்டு. பழைய மைனரில் பற்றரியின் நேர்முனையே உடலோடு இணைக்கப்பட்டிருக்கும். இக்காலக் கருவிகள் யாவும் அதற்கு மாறானவை. இதையறியாது வானொலியை இணைத்தவர்கள் புகையைக் கண்டதுண்டு. டைனமோ ஏறத்தாழ 20 அம்பியர் மட்டுமே தரவல்லது. அதுவும் இயந்திரம் விரைந்து சுழன்றால். மூடுபனியில் விளக்குகளும் வைப்பரும் ஒருங்கே இயங்க, கார் ஊர்ந்து ஏறுகையிற் பற்றரி வடிந்துவிடும். ஆகவே ஒல்ரனேற்றர் பொருத்துவதை நாம் ஏற்கின்றோம். கதவுத் தூணிலிருந்து செங்கை போல் நீளும் பழைய திசைகாட்டி அழகுடையதே. ஆயினும் பின்னால் வரும் முச்சக்கர வண்டிச் சாரதிக்கு அதன் பொருள் தெரியாது. அதனை அகற்றாமல், மின்னும் விளக்குகளையும் சேர்த்தல் வேண்டும். இருக்கைப் பட்டியை மெல்லிய தரைத்தகட்டில் வெறுமனே பிணைத்தாற் பயனில்லை. அடியிற் கனத்த இரும்புத் தகடு வைத்தே பிணைத்தல் வேண்டும். பிரிந்த முன்கண்ணாடி தட்டையானதாகையால் எந்த நகரத்திலும் அடுக்குக் கண்ணாடியை வெட்டிப் பெறலாம். வளைந்த கண்ணாடியுடைய பிந்திய மைனர்களுக்கு இவ்வசதி இல்லை.

இலக்கத்தகட்டை அழகுக்காக மாற்றுவோரை நாம் ஒப்புவதில்லை. 1957க்கு முற்பட்ட கார்கள், 'சிலோன்' என்னும் ஆங்கிலச் சொல்லின் எழுத்துகளுள் இரண்டைத் தாங்கியவை. அவ்வாண்டின் தொடக்கத்தில் சிங்கள 'ஸ்ரீ' எழுத்துப் புகுத்தப்பட்டதும், அதை எதிர்த்த கிளர்ச்சி மலைநாடு வரை பரவியதும், 1958இன் துயரங்களும் வரலாறு. ஒரு சிறு தகட்டிலே எழுதப்பட்ட இரண்டு எழுத்துகள் எவ்வளவு கனக்கும் என்பதை எமது மூத்தோர் அறிவர். காரோடு வந்த தகடு காரோடே இருக்கட்டும்.

வர்ணம் பூசுதல் கடைசி வேலை. ஆசையில் முதல் வேலை. உரிய நிறம் யாதென அறிய, முன்பலகையின் பின்புறத்தையும் மேலதிகச் சக்கரம் கிடக்கும் இடத்தையும் சுரண்டிப் பார்க்கலாம். செலுலோஸ் வர்ணம் ஈரக்காற்றிற் பூசப்பட்டால் வெண்பனி படர்ந்தாற்போல் மங்கும். வலப்பனையில் வடகீழ்ப் பருவமழை ஓய்ந்த மாசி, பங்குனி மாதங்களின் நண்பகலே அதற்கேற்ற காலம். இக்காலத்து இருகலவை வர்ணங்கள் அவ்வளவு ஈரத்துக்கு அஞ்சா. ஆனால் அவற்றின் ஆவி நுரையீரலுக்குக் கொடிய நஞ்சு. மூடிய வீட்டுக் கொட்டகையில் முகத்திற் கைக்குட்டை கட்டிக்கொண்டு அவற்றைப் பீச்சுவோர் தம் மூச்சையே விலையாகக் கொடுக்கின்றனர். தகுந்த கூடமும் கவசமும் உடைய தொழிலாளரிடம் அதனை ஒப்படைத்தலே அறிவுடைமை.

முதல் ஓட்டத்தை ஏற்றத்திலே தொடங்குதல் வேண்டும். வலப்பனையிலிருந்து ராகலைப் பக்கமாகச் சில மைல் ஏறி, அகன்ற இடத்தில் நிறுத்தி, எண்ணெய்க் கசிவு உண்டா என்று அடியிற் பார்த்தல் வேண்டும். பின்னர் இரண்டாம் கியரில் இறங்கி, அரை மைலுக்கு ஒருமுறை நின்று, நான்கு சக்கரங்களின் அருகிலும் புறங்கையை நீட்டிச் சூட்டை ஒப்பிடுதல் வேண்டும். ஒன்று மட்டும் மிகச் சுடின் அது விடாமற் பற்றுகின்றது; ஒன்று மட்டும் குளிரின் அது வேலை செய்யவில்லை. நால்வரை ஏற்றிச் செல்வது இச்சோதனை பலமுறை நிறைவேறிய பின்னரே. காரில் ஒரு கொப்பி இருத்தல் வேண்டும். கிறீஸ் ஏற்றிய நாள், எண்ணெய் மாற்றிய நாள், எந்தப் பாகம் எந்தக் காரிலிருந்து வந்தது என்பன யாவும் அதில் எழுதப்படட்டும். கழற்றிய 803 இயந்திரமும், 7 அங்குலக் குடங்களும், டைனமோவும் கிறீஸ் பூசிச் சாக்கில் கட்டப்பட்டு, பெயர்ச்சீட்டுடன் அக்கொட்டகையின் மேற்தட்டிலே கிடக்கின்றன. பின்னால் வருபவர் விரும்பினால் ஒரு வார வேலையில் காரை 1955க்குத் திருப்பிவிடலாம்.